வேடிக்கை பார்த்தவர்கள் மீதா பழி?

பரீட்சை முடிந்து ரொம்ப நாள் கழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். இந்த முறை சினிமாவும் இல்லை, கிரிக்கெட்டும் இல்லை. படகு!

போன வாரம் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ சுற்றியது. வெளிநாட்டில் ஏதோ ஒரு ஏரி. முன்னால் ஒரு மோட்டார் படகு போகிறது. அது கிளப்பிவிடும் அலையின் மேல் ஒரு பெண் பலகையில் நின்றபடி வழுக்கிக்கொண்டே வருகிறாள். கையில் கயிறுகூட இல்லை. படகுக்கும் அவளுக்கும் பத்துப் பதினைந்து அடிதான் இருக்கும். இதற்கு வேக் சர்ஃபிங் என்று பெயராம். கடல் அலைக்குக் காத்திருக்க வேண்டாம், படகே அலையைத் தயாரித்துக் கொடுத்துவிடும். உடனே ஒரு நண்பன், "மச்சி, நம்ம வைகை டேம்ல இத ஆரம்பிச்சா எப்படி இருக்கும்?" என்று கேட்டான். எங்களுடையது பி.காம். கூட்டம். எதைப் பார்த்தாலும் முதலீடு எவ்வளவு, எத்தனை மாதத்தில் போட்ட பணம் திரும்பும் என்றுதான் மண்டை ஓடும். அரை மணி நேரத்தில் டிக்கெட் விலைவரை போய்விட்டார்கள். ஆபத்து எவ்வளவு என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

நான் கொஞ்சம் தேடிப் படித்தேன். அந்த விளையாட்டில் ஆபத்து வரும் வழிகள் நாம் நினைப்பது போல இல்லை. கீழே விழுவதால் வரும் சுளுக்கு, தசைப்பிடிப்பு, பலகையின் அடியில் இருக்கும் துடுப்பு கிழித்த காயம், இதெல்லாம் சாதாரணம். பெரிய ஆபத்து படகிடமிருந்துதான். சுழலும் விசிறி படகின் வாலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வகைப் படகை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. ஆள் விழுந்தால் விசிறிக்கு அவ்வளவு பக்கத்தில் விழுவார். அடிவயிற்றுக்குக் கீழே, முன்தள்ளி விசிறி பொருத்திய படகுதான் வேண்டும். அடுத்தது இன்ஜின் புகை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. படகின் பின்பலகையில் உட்கார்ந்து அரட்டை அடிப்பவருக்குத் தலை சுற்றும். மயங்கித் தண்ணீரில் சாய்ந்தால் முடிந்தது. கிளம்பும்போது பிடித்துக்கொள்ளும் கயிறு கையிலோ கழுத்திலோ சுற்றிக்கொள்வது இன்னொரு ஆபத்து.

ஆனால் என்னை யோசிக்க வைத்தது வேறு. அந்தப் பெரிய அலை சும்மா எழுவதில்லை. படகின் பின்பகுதியில் தொட்டிகளை வைத்துத் தண்ணீர் நிரப்புகிறார்கள். ஆயிரம் கிலோவுக்கு மேலேயே எடை ஏற்றுவது உண்டு. அதையும் ஒரு பக்கமாகக் கூட்டி, படகை வேண்டுமென்றே அந்தப் பக்கம் தாழ்த்தி ஓட்டுகிறார்கள். அதாவது எந்த ஒரு காரியத்தால் படகு கவிழுமோ, அந்தக் காரியத்தை அளந்து, கணக்குப் போட்டுச் செய்கிறார்கள். எவ்வளவு எடை, எந்த இடத்தில், எத்தனை பேர் ஏறலாம் என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருக்கும். கணக்குத் தப்பி முன்பக்கம் கூட்டம் சேர்ந்தால் மூக்கு வழியாகத் தண்ணீர் ஏறி அந்தப் படகும் மூழ்கும்.

அங்கே எடை தொட்டிக்குள் இருக்கிறது. நம் சுற்றுலாப் படகுகளில் எடைக்குக் கால் முளைத்திருக்கிறது. நினைத்த நேரத்தில் எழுந்து நடக்கும்.

இதைப் படித்ததும் தேனி மாவட்டத்துக்காரன் எவனுக்கும் ஞாபகம் வரக்கூடிய இடம் ஒன்றுதான். தேக்கடி.

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் காட்டுவதற்குச் சுருளி அருவி, அதை விட்டால் தேக்கடி. கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினால் குமுளி. அங்கே ஒரு கம்பைத் தாண்டினால் கேரளா. அந்த ஏரி, 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால் உண்டானது. அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மரங்கள் இன்றும் தண்ணீருக்கு மேல் கறுப்புக் கட்டைகளாக நின்றுகொண்டிருக்கின்றன. போட்டோவில் பார்த்திருப்பீர்கள். அந்த ஏரித் தண்ணீர்தான் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இறங்கி எங்கள் வயலுக்கு வருகிறது. ஆக, தேக்கடி எங்களுக்கு வேற்று மாநிலம் மாதிரியே தெரியாது.

2009-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி மாலை, கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்ற இரண்டு தட்டுப் படகு அந்த ஏரியில் கவிழ்ந்தது. 45 பேர் செத்துப் போனார்கள். குழந்தைகளும் பெண்களும் நிறையப் பேர். பல மாநிலங்களிலிருந்து வந்திருந்த சுற்றுலாப் பயணிகள் அவர்கள், நம் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. ஃபைபர் படகு. ஏதோ ஓட்டை உடைசல் என்று நினைக்காதீர்கள், புத்தம் புதுசு. ஓட ஆரம்பித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அப்போது எனக்கு ஐந்து வயது, எனக்கு நேரடி ஞாபகம் எதுவும் இல்லை. ஆனால் எங்கள் பக்கம் பெரியவர்கள் பேச்சில் அந்த நாள் அடிக்கடி வரும். பேச்சு ஒவ்வொரு முறையும் ஒரே வரியில்தான் முடியும்: "கரையில மிருகத்தப் பாத்துட்டு எல்லாரும் ஒரு பக்கமா ஓடிட்டாங்கப்பா, அதான் கவுந்துருச்சு."

இந்த ஒரு வரியோடுதான் எனக்குச் சண்டை.

அந்த வரி பொய் இல்லை. கரையில் விலங்குகளைப் பார்க்க ஆட்கள் ஒரு பக்கம் நகர்ந்தார்கள், படகு சாய்ந்தது என்றுதான் செய்திகள் வந்தன. ஆனால் அது காரணமா? தேக்கடிப் படகு எதற்காக ஓடுகிறது? அக்கரைக்கு ஆள் கடத்தவா? ஏறிய இடத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிடும் படகு அது. விலங்கு பார்க்கத்தான் மொத்தச் சவாரியும். யானையோ காட்டெருமையோ நடு ஏரியில் நிற்காது. கரையில்தான் நிற்கும். கரை படகுக்கு ஒரு பக்கமாகத்தான் இருக்கும். ஆகவே விலங்கு தென்பட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் திரும்புவார்கள், எழுவார்கள், நகர்வார்கள். குழந்தையைத் தூக்கிக் காட்டுவார்கள். கேமராவை எடுத்துக்கொண்டு ஓரத்துக்குப் போவார்கள். இதைத் தெரிந்துகொள்ள கமிஷன் வேண்டாம். இதை எதிர்பார்க்காத படகு, தேக்கடிக்கு வாங்கியிருக்கவே கூடாத படகு.

இன்னொரு விஷயம். அந்தக் காலத்தில் அங்கே மேல்தட்டு டிக்கெட் விலை கீழ்த்தட்டைவிட அதிகம். ஏன் அதிகம்? மேலேயிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும் என்பதற்காக. காசு வாங்கிக்கொண்டு காட்சியை விற்கிறோம். வாங்கியவன் காட்சியைப் பார்க்க எழுந்தால் அவன்மேல் பழி. எங்கள் மார்க்கெட்டிங் பாடத்தில் இதற்கு ஒரு நல்ல பெயர் கிடைக்குமா என்று தேடினேன், கிடைக்கவில்லை :-)

மேல்தட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. எங்கள் பக்கம் அறுவடை நேரத்தில் வைக்கோல் ஏற்றிய டிராக்டரைப் பார்த்திருப்பீர்கள். வீடு உயரத்துக்கு ஏற்றியிருப்பார்கள். நேர் ரோட்டில் ஜம்மென்று போகும். ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கியதும் ஆட்டம் தெரியும். அதே எடையை நெல் மூட்டையாகத் தட்டில் தாழ்வாக அடுக்கினால் அந்த ஆட்டம் இருக்காது. எடை ஒன்றுதான், இருக்கும் உயரம் வேறு. படகிலும் இதே கதை. கீழ்த்தட்டில் உட்கார்ந்திருக்கும் ஆள் படகைப் பிடித்து நிறுத்துகிறார், மேல்தட்டில் எழுந்து நிற்கும் அதே ஆள் படகைப் பிடித்துக் கவிழ்க்கப் பார்க்கிறார்.

ஒரு கணக்குப் பார்க்கலாம். (இது வெறும் கணக்குதான், அன்றைய எண்ணிக்கை அல்ல.) மேல்தட்டில் 40 பேர். ஆளுக்கு 60 கிலோ. மொத்தம் 2400 கிலோ. பழைய அம்பாசடர் கார் ஒன்று சுமார் 1100 கிலோ வரும். அப்படியென்றால் இரண்டு அம்பாசடரை மாடியில் ஏற்றி, திடீரென்று இரண்டையும் ஒரே ஓரத்துக்கு உருட்டிவிட்டது மாதிரி. படகு சாய்ந்ததும் இன்னொன்று நடக்கிறது. தாழ்ந்த பக்கத்தை நோக்கி, நிற்கிறவர்களும் சறுக்குகிறார்கள், உட்கார்ந்தவர்களும் சறுக்குகிறார்கள். விளிம்பு தண்ணீரைத் தொட்டதும் உள்ளே தண்ணீர் வருகிறது. வந்த தண்ணீரும் தாழ்ந்த பக்கத்துக்கே ஓடுகிறது. அதன் பிறகு யார் என்ன கத்தினாலும் படகு நிமிராது. சில நொடி வேலை.

'இதையெல்லாம் முன்கூட்டி யாரால் கணிக்க முடியும் தம்பி' என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். சர்வதேசக் கடல்சார் அமைப்பின் விதிகளில் பயணிகள் கப்பலுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. பயணிகள் எல்லோரும் ஒரு பக்கமாகக் கூடிவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டும். ஆளுக்கு 75 கிலோ, ஒரு சதுர மீட்டருக்கு 4 பேர் வரை நெருக்கியடித்து நிற்கிறார்கள், எந்த இடத்தில் நின்றால் நிலைமை படுமோசமாகுமோ அங்கே நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அப்போதும் கப்பல் 10 டிகிரிக்கு மேல் சாயக்கூடாது. கவனியுங்கள், 'பயணிகள் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால்' என்ற பேச்சே அதில் இல்லை. மனிதன் வேடிக்கை பார்க்க ஓடுவான் என்று ஒப்புக்கொண்டு எழுதிய விதி அது. கடலில் போகும் பெரிய கப்பலுக்கான விதி, ஏரிப் படகைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது, சரி. அதிலிருக்கும் புத்தியை ஏரிக்கும் எடுத்துக்கொள்வதை யாராவது தடுத்தார்களா?

புதுப் படகின் நிலைத்தன்மையைச் சோதிப்பதும் ராக்கெட் விஞ்ஞானம் கிடையாது. படகை அசைவில்லாத தண்ணீரில் நிறுத்துவார்கள். எடை தெரிந்த கட்டிகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்துவார்கள். கொத்தனார் வைத்திருப்பாரே தூக்குக்குண்டு, கிட்டத்தட்ட அதே மாதிரி நூலில் குண்டு கட்டித் தொங்கவிட்டு, எவ்வளவு சாய்கிறது என்று அளப்பார்கள். அதை வைத்துப் படகின் எடை மையம் எந்த உயரத்தில் இருக்கிறது, எத்தனை பேர் எங்கே நின்றால் தாங்கும் என்று கணக்கிட்டுவிடலாம். ஒரு நாள் வேலை. ஒரு படகின் விலையோடு ஒப்பிட்டால் சுண்டைக்காய்.

செலவு என்று வந்ததால் எங்கள் பாடத்துக்கு ஒரு நிமிஷம் போய்வருகிறேன். முதலாம் ஆண்டு கணக்குப்பதிவியலில் ஒரு மரபு சொல்லித்தருவார்கள். வரப்போகும் லாபத்தை வருவதற்கு முன் கணக்கில் எடுக்காதே, வரக்கூடிய நஷ்டத்துக்கெல்லாம் முன்கூட்டியே ஒதுக்கீடு செய். கடனாளி ஓடிப்போகலாம் என்று நினைத்து ஐயக்கடன் ஒதுக்கு எழுதுகிறோம். கடனாளி எல்லோரும் கெட்டவர்கள் என்பதால் இல்லை, நூறு பேரில் நாலு பேர் தரமாட்டார்கள் என்பது தெரிந்த சங்கதி என்பதால். ஒரு மளிகைக் கடைக்காரர்கூடச் செய்கிற இந்தக் காரியத்தைப் படகுத்துறையில் ஏன் செய்வதில்லை? ஆட்கள் எழுந்து ஓடுவார்கள் என்பது வாராக்கடனைவிட நிச்சயமான விஷயம் ஆயிற்றே!

தேக்கடி சம்பவத்தில் பயணிகள் நகர்ந்தது மட்டுமே பிரச்சினை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். படகில் அனுமதித்த அளவுக்கு மேல் ஆள் ஏற்றியது, உயிர்காப்பு உடையை யாரும் போட்டிருக்காதது, படகின் வடிவமைப்பு என்று எல்லாமே கேள்விக்குள்ளாயின. படகை ஓட்டியவர் கைதானார். ஓய்வு பெற்ற நீதிபதி மைதீன்குஞ்சு தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைத்தார்கள். அறிக்கையும் கொடுத்தார். பத்து வருஷம் கழித்தும் வழக்கு முடியவில்லை. என்றாலும் மக்கள் மனதில் பதிந்தது அந்த ஒரு வரிதான். இறந்தவர்கள் தாங்களே வரவழைத்துக்கொண்ட சாவு என்பது போல ஒரு வரி. யோசித்துப் பார்த்தால் அது எல்லோருக்கும் வசதியான வரி. படகு வாங்கியவருக்கு வசதி, சான்று கொடுத்தவருக்கு வசதி, டிக்கெட் கிழித்தவருக்கு வசதி. இறந்தவர் வந்து மறுத்துப் பேசப்போவதில்லை.

இதே வரி நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவிலும் ஓடியிருக்கிறது. 1915 ஜூலை 24-ந் தேதி சிகாகோ நகரத்து ஆற்றில் 'ஈஸ்ட்லேண்ட்' என்ற கப்பல், ஒரு கம்பெனித் தொழிலாளர்களைக் குடும்பத்தோடு பிக்னிக் கூட்டிப்போக நின்றுகொண்டிருந்தது. கரையில் கட்டியிருந்த கப்பல் நண்பர்களே, இன்னும் கிளம்பக்கூட இல்லை! அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து 844 பேர் இறந்தார்கள். தண்ணீர் ஆழம் இருபதடி இருக்கலாம். கூட்டம் ஒரு பக்கம் போனதுதான் காரணம் என்று அங்கேயும் பேச்சு எழுந்தது. உண்மையில் அந்தக் கப்பல் ஏற்கெனவே தலை கனத்த கப்பல். டைட்டானிக் மூழ்கிய பிறகு உயிர்காப்புப் படகுகளைக் கூட்ட வேண்டும் என்ற நெருக்கடி வந்து, அவற்றையும் மேல்தட்டில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். பாதுகாப்புக்காக வைத்ததே தலையில் பாரமாகிவிட்டது.

கேரளத்துக்கு 2009-ல் இது முதல் அடியும் இல்லை. 2002 ஜூலையில் குமரகம் பக்கம் வேம்பநாட்டுக் காயலில் படகு மூழ்கி 29 பேர் போனார்கள். அரசு வேலைக்கான தேர்வு எழுதக் கிளம்பியவர்கள் பலர் அதில் இருந்தார்கள். 2007 பிப்ரவரியில் தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலா வந்த 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும். தேக்கடிக்குப் பிறகாவது நின்றதா என்றால், 2023 மே 7-ந் தேதி மலப்புறம் மாவட்டம் தானூரில் 22 பேர். பலர் குழந்தைகள், ஒரே குடும்பத்திலேயே பலர். மீன்பிடிப் படகை மாற்றி மாடி வைத்துச் சுற்றுலாப் படகு ஆக்கியிருந்தார்கள். மறுபடியும் மாடி! மறுபடியும் அளவுக்கு மேல் ஆள்! நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்று நம் பழவேற்காடு ஏரியில் பிக்னிக் போன 22 பேர் இறந்ததும் நடந்ததுதான். 2024 ஜனவரியில் குஜராத்தில் வதோதரா ஏரியில் பள்ளிக் குழந்தைகள் 12 பேர், ஆசிரியைகள் 2 பேர். ஊர் பெயரை மாற்றினால் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அச்சடிக்கலாம் போலிருக்கிறது.

'அப்போ பயணிக்குப் பொறுப்பே கிடையாதா?' நிச்சயம் கேட்பீர்கள். உண்டு. உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும். ஜாக்கெட்டை மாட்டச் சொன்னால் 'போட்டோவுக்கு நல்லா இருக்காது' என்று கழற்றி மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ஒன்று யோசியுங்கள். லோயர் கேம்பிலிருந்து குமுளி ஏறும் மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறார்களே, எதற்கு? 'மெதுவாகச் செல்லவும்' என்ற பலகையும்தான் இருக்கிறது. பலகை இருக்கும்போது சுவர் எதற்கு? ஆயிரம் டிரைவரில் ஒருவர் தப்புச் செய்வார் என்று தெரியும், அந்தத் தப்புக்குத் தண்டனை மரணமாக இருக்கக் கூடாது, அதற்குத்தான் சுவர். படகில் அந்தச் சுவர் எது? தாழ்வான, அகலமான உடல். மாடி இல்லாத அமைப்பு. மாடி வேண்டுமென்றே தீருவேன் என்றால், மாடி நிறைய ஆள் ஒரு பக்கம் நின்றாலும் தாங்கும் என்று சோதித்துக் காட்டிய சான்று.

ஜாக்கெட் பற்றி ஒரு வார்த்தை. தேக்கடியில் இப்போது எல்லோரும் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். நல்லது. ஆனால் ஜாக்கெட் கொடுத்தாயிற்று, கடமை முடிந்தது என்ற மனப்பான்மை வந்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். கூரையும் பக்கத் தடுப்பும் உள்ள கீழ்த்தட்டில் உட்கார்ந்திருக்கும்போது படகு கவிழ்ந்தால், ஜாக்கெட் உங்களை மேலே தூக்கும். மேலே இருப்பது வானம் இல்லை, படகின் தரை! அங்கே கொண்டுபோய் ஒட்டவைத்துவிடும். ஜன்னல் வழியாக வெளியேற முதலில் கீழே முங்க வேண்டும், ஜாக்கெட்டோடு முங்குவது கஷ்டம். ஆக ஜாக்கெட் என்பது கவிழ்ந்த பிறகு, அதுவும் வெளியே வந்த பிறகு உதவுவது. கவிழாமல் இருக்க அது எந்த உதவியும் செய்யாது. (ஜாக்கெட் போட வேண்டாம் என்று நான் சொன்னதாக யாராவது கிளப்பிவிடாதீர்கள். கண்டிப்பாகப் போடுங்கள்.)

அந்த ஜாக்கெட்டாவது ஒழுங்காக இருக்கிறதா? கல்லூரிச் சுற்றுலாவில் ஒரு மலை ஏரிக்குப் போயிருந்தோம், ஊர் பெயர் வேண்டாம். எனக்குக் கிடைத்த ஜாக்கெட்டில் கொக்கி உடைந்து, அந்த இடத்தில் சணல் கயிறு கட்டியிருந்தது. வேறு கேட்டேன். "சும்மா மாட்டுங்க தம்பி, கரையில செக்கிங் இருக்கு, அதுக்குத்தான்" என்றார் அங்கிருந்தவர். செக்கிங்குக்காக ஜாக்கெட்! அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு மேலே இருப்பவர்கள் எப்படி நினைக்கிறார்களோ அதையே அவர் வாய்விட்டுச் சொன்னார், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் தினமும் காலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலையேறும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு இந்த மனப்பான்மை புதிதாகத் தெரியாது. பத்துப் பேர் ஏற வேண்டியதில் எத்தனை பேர் என்று எண்ணினால் நமக்கே தலை சுற்றும். ஜீப் உருண்டால், அதிக ஆள் ஏறியதால் விபத்து என்று செய்தி வரும். ஏறியதால்! ஏற்றியதால் இல்லை. வினைச்சொல்லில் ஒரு எழுத்தைக் கூட்டினால் குற்றவாளி மாறிவிடுகிறார். கூலி கொடுக்கும் தோட்டம் பஸ் ஏற்பாடு செய்யாததும், அந்த ஜீப்பை விட்டால் அந்த அக்காவுக்கு அன்றைய கூலி கிடையாது என்பதும் செய்திக்குள் வருவதே இல்லை. இதைத் தனியாகவே எழுத வேண்டும், இன்னொரு நாள் எழுதுகிறேன்.

எல்லாம் சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்றால், நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. சினிமா தியேட்டரில் தணிக்கைச் சான்றிதழைத் திரையில் காட்டுகிறார்கள். ஓட்டலில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தைக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டுகிறார்கள். லிஃப்டுக்குள் 'எட்டுப் பேர், 544 கிலோ' என்று தகடு அடித்திருக்கிறார்கள். படகில் மட்டும் ஏன் ஒன்றுமில்லை? இந்தப் படகில் எத்தனை பேர், அதில் மேல்தட்டில் எத்தனை பேர், எல்லோரும் ஒரு பக்கம் போனால் எத்தனை டிகிரி சாயும், இதை யார் எந்தத் தேதியில் சோதித்தார்கள் என்று ஏறும் வழியில் ஒரு பலகை. தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும். அதைப் பார்த்துப் பயந்து நாலு பேர் டிக்கெட் எடுக்காமல் திரும்பிப் போகலாம். வருமானம் குறையலாம். போகட்டும். பயப்பட வேண்டிய படகு என்றால் அவர்கள் திரும்பிப் போவதுதான் சரி.

இந்த லீவில் உங்களில் நிறையப் பேர் தேக்கடி, கொடைக்கானல், ஏற்காடு, பிச்சாவரம் என்று கிளம்புவீர்கள். போய்வாருங்கள், படகில் ஏறுங்கள், யானை வந்தால் பாருங்கள். டிக்கெட் வாங்கும்போது ஜன்னலுக்குள் குனிந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, இந்தப் படகுக்குச் சாய்வுச் சோதனை எப்போ பண்ணாங்க?" அவர் தேதி சொன்னாலும் சரி, முறைத்தாலும் சரி, எந்த ஊரில் என்ன பதில் கிடைத்தது என்று கீழே பின்னூட்டத்தில் எழுதுங்கள். நானும் அடுத்த மாதம் சித்தி குடும்பம் வரும்போது குமுளி போகிறேன், கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.